பெண்களுக்கு ஏன் இரண்டு மடங்கு?

பெரிய ஆபத்து ஒன்றைக் கடந்து வந்த பிறகும் மனது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், அந்த இடத்தைவிட்டு நகராமல் இருப்பதை மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி என்கிறார்கள். அது ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. இதை எங்கே சொன்னாலும், படித்தவர் படிக்காதவர் வித்தியாசம் இல்லாமல், "பொம்பளைங்க மனசு அப்படித்தான், சட்டுனு உடைஞ்சிடும்" என்ற பதில் வந்து விழுகிறது. இந்தப் பதில் தவறு. வீட்டுக்குள்ளேயே இருந்து இது செய்கிற கெடுதலை என் அக்கா விஷயத்தில் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இந்த நோய் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நடந்தது கெட்ட கனவாகவோ, முழித்துக்கொண்டிருக்கும்போதே கண்முன்னால் ஓடும் காட்சியாகவோ திரும்பத் திரும்ப வரும். அதை நினைவுபடுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்கத் தோன்றும். யாரையும் நம்ப முடியாது, எல்லாம் என்னால்தான் என்ற குற்ற உணர்ச்சி அரிக்கும், முன்பு பிடித்த எதிலும் மனசு ஒட்டாது. சின்னச் சத்தத்துக்குக்கூட உடம்பு தூக்கிவாரிப்போடும், தூக்கம் வராது, கோபம் பொத்துக்கொண்டு வரும். இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். நம் ஊரில் "பயந்த கோளாறு" என்று தாயத்து கட்டி, மந்திரித்து, வேப்பிலை அடித்துப் பார்ப்பதில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் நாடு முழுக்க நடந்து, 1995இல் வெளியான ஒரு சர்வே. அதில் உயிரை உலுக்குகிற மாதிரி ஏதாவது ஒரு சம்பவத்தையாவது சந்தித்தவர்கள் ஆண்களில் 60.7 சதவீதம், பெண்களில் 51.2 சதவீதம். அதாவது ஆபத்தைப் பார்த்தவர்கள் ஆண்கள்தான் அதிகம். ஆனால் வாழ்நாளில் பி.டி.எஸ்.டி வந்தவர்கள் ஆண்களில் 5 சதவீதம், பெண்களில் 10.4 சதவீதம். இந்த இரண்டு வரியை மட்டும் படித்தால் "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று யாருக்கும் தோன்றும். அதே சர்வேயில் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தன் வாழ்க்கையில் நடந்ததிலேயே மோசமானது பாலியல் வன்புணர்வு என்று சொன்னவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது, அந்த ஆண்களில் 65 சதவீதம் பேருக்கும், பெண்களில் 46 சதவீதம் பேருக்கும் பி.டி.எஸ்.டி வந்திருந்தது. அப்படிச் சொன்ன ஆண்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவுதான், அதனால் ஆண்களுக்குத்தான் அதிகம் என்று இதை வைத்து வாதாட முடியாது. ஆனாலும் பெண் மனசு உடையும், ஆண் மனசு தாங்கும் என்ற கதை இந்த இடத்தில் நிற்காமல் போய்விடுகிறது. அந்த மாதிரி ஒரு கொடுமை நடந்தால் யாராக இருந்தாலும் நொறுங்குகிறார்கள். பெண்களுக்கு அது அதிகம் நடக்கிறது, சிறு வயதிலேயே நடக்கிறது, பல சமயம் தெரிந்தவராலேயே நடக்கிறது.

ஆண்களுக்கு அதிகம் நடப்பவை வேறு: விபத்து, அடிதடி, போர், கண்ணெதிரே ஒரு சாவைப் பார்ப்பது. இவையும் கொடுமைதான், ஆனால் பெரும்பாலும் வெளியாட்களால் நடப்பவை, ஒரு தடவையோடு முடிபவை, நாலு பேரிடம் சொல்லக்கூடியவை. சிறுவயதில் சொந்தக்காரர் ஒருவரால் தொடர்ந்து நடந்ததை ஒரு பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சம்பவத்தின் வகை மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2006இல் டோலின், எட்னா ஃபோவா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இருபத்தைந்து வருட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடையே ஆண் பெண் வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆனால் விபத்து, இயற்கைப் பேரிடர் போன்ற மற்ற வகைகளில், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சம்பவம் நடந்திருந்தாலும் பெண்களுக்கு அதிகமாகவே இருந்தது. ஆக இன்னும் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று கேட்கும்போது எல்லாரும் உடனே ஹார்மோனுக்குப் போய்விடுகிறார்கள். நான் அதற்கு முன்னால் சுனாமிக்குப் போகிறேன், ஏனென்றால் அது நம் கடற்கரையில் நடந்தது.

2004 டிசம்பர் 26 காலை மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் என்ன நடந்தது என்பதை சென்னையில் அந்த வயதில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடலூரில் நடந்த ஒரு கணக்கு எனக்குப் பிறகுதான் தெரியவந்தது: ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கைப்படி அங்கே இறந்தவர்களில் ஆண்கள் 146 பேர், பெண்கள் 391 பேர். அலை வந்த நேரத்தில் பல ஆண்கள் படகில் நடுக்கடலில் இருந்தார்கள், அங்கே அலை வந்ததே தெரியவில்லை. பெண்கள் மீனை வாங்கி விற்பதற்காகக் கரையில் காத்திருந்தார்கள், குழந்தைகளோடு வீட்டில் இருந்தார்கள், பலருக்கு நீச்சல் தெரியாது, கட்டியிருந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டது. அதே அலை, அதே ஊர், ஆனால் யார் எங்கே நின்றிருந்தார்கள் என்பதை அவர்கள் செய்த வேலை தீர்மானித்தது. ஆய்வில் "ஒரே சம்பவம்" என்று ஒரு கட்டத்துக்குள் டிக் அடிக்கும்போது இந்த வித்தியாசம் எங்கே போகிறது? கையைப் பிடித்திருந்த குழந்தை நழுவிப்போன அம்மாவும், நடுக்கடலிலிருந்து திரும்பி வந்து சேதி கேட்ட அப்பாவும் ஒரே கட்டத்துக்குள் வருகிறார்கள். இரண்டு பேர் துயரத்திலும் எது பெரியது என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

சுனாமிக்கு இரண்டு மாதம் கழித்து தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு மீனவ கிராமத்தில் செய்த ஆய்வில் 12.7 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி இருந்தது. பெண்களுக்கு அதிகமாக இருந்தது, அப்புறம் சுனாமியில் காயம்பட்டவர்களுக்கு, வருமானமே இல்லாமல் போன வீடுகளில் இருந்தவர்களுக்கு. இந்த மூன்றும் ஒரே வரியில் வருவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காசு இல்லாதது, பெண்ணாக இருப்பது, அடிபட்டது, இவை நிஜ வாழ்க்கையில் தனித்தனியாக வருவதில்லை. குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்தவர்களுக்கு, திரும்பக் குழந்தை பெறுவதற்கான அறுவை சிகிச்சையை அரசே இலவசமாகச் செய்து கொடுத்தது. அதை விரும்பி ஏற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள், பலருக்கு நன்மையும் நடந்திருக்கும். ஆனாலும் அழுது முடிப்பதற்குள் மறுபடி ஒரு பிள்ளை பெற்றாக வேண்டும் என்ற பாரம் யார் உடம்பில் வந்து உட்கார்ந்தது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது அக்கா கதை. சில வருடங்களுக்கு முன் ஓ.எம்.ஆர் சாலையில் அக்காவும் மாமாவும் பைக்கில் போகும்போது ஒரு தண்ணீர் லாரி இடித்துவிட்டது. மாமாவுக்குக் கை முறிந்தது, அக்காவுக்கு விலா எலும்பில் விரிசல். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா, மாமாவின் தலைக்குப் பக்கத்தில் லாரிச் சக்கரம் வந்து நின்றதை முழு நினைவோடு பார்த்திருக்கிறாள். மாமாவுக்கு விழுந்தது மட்டும்தான் ஞாபகம். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸ், ஆப்பிள் சகிதம் மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். அக்கா உடைந்த விலாவோடு அவர்களுக்குக் காபி போட்டாள். யாரும் கெட்டவர்கள் கிடையாது, அது அப்படித்தான் நடக்கும் என்று எல்லாருக்கும் பழகியிருந்தது. போகும்போது அக்காவிடம் ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். "நீதான் நேரமாச்சுன்னு அவசரப்படுத்தினியாமே", "ஒரு பக்கமா உக்காந்தா பேலன்ஸ் எப்படிம்மா இருக்கும்", "உன் தாலி பாக்கியம்தான் அவரைக் காப்பாத்திச்சு, அத நெனச்சு சந்தோஷப்படு". அக்கா மாதக்கணக்கில் தூங்கவில்லை. தெருவில் தண்ணீர் லாரி ஏர் பிரேக் போடுகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள், சென்னையில் கோடைகாலத்தில் அந்தச் சத்தம் கேட்காத தெரு எது? பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிப்போக சாலையைக் கடக்க முடியாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். "இவளுக்கு ஓவரா பயம், அவரு பாரு, கட்டோடயே ஆபீஸ் போறாரு" என்று ஒப்பிட்டுப் பேசினார்கள்.

அவர் எப்படிப் போனார் தெரியுமா? அந்த இடத்தைத் தாண்டக் கூடாது என்பதற்காக ஈ.சி.ஆர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார மாட்டார். வாரம் ஒருமுறை குடித்தவர் தினமும் குடிக்க ஆரம்பித்தார். பிள்ளை தட்டைக் கீழே போட்டால்கூடக் கத்தினார். பின்னாளில் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு மனநல மருத்துவரிடம் போனபோது, அந்த டாக்டரம்மா அக்காவிடம் பேசி முடித்துவிட்டு, கூட வந்திருந்த மாமாவிடம் "நீங்க எப்படித் தூங்கறீங்க?" என்று கேட்டார். மாமா பதில் சொல்லாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அக்கா சொன்னாள். சுற்றிப் போன வழி, ஜன்னல், குடி, கத்தல் எல்லாம் அதே நோய்தான். அவருக்கு அதை நோய் என்று யாரும் சொல்லவில்லை, ஆம்பளை டென்ஷன் என்றார்கள்.

அந்த இரண்டு மடங்கில் ஒரு பகுதி இப்படி எண்ணப்படாமல் போன ஆண்கள்தான் என்று நான் நினைக்கிறேன். அளக்கும் கருவியிலேயே ஒரு கோணல் இருந்தது. 2013 வரை அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் விதிப்படி, சம்பவத்தின்போது கடுமையான பயமோ, கையறு நிலையோ, பீதியோ உணர்ந்திருந்தால்தான் பி.டி.எஸ்.டி என்று கணக்கில் எடுப்பார்கள். "பயந்தேன்" என்று ஒத்துக்கொள்கிற ஆண்கள் எத்தனை பேர்? 2013இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அப்படியும் வித்தியாசம் முழுதாகப் போய்விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

சுற்றி இருப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. பிரிட்டனில் ஆண்ட்ரூஸ், ப்ரூவின், ரோஸ் என்ற மூவர் வன்முறைக் குற்றங்களுக்கு ஆளானவர்களிடம் செய்து 2003இல் வெளியிட்டது. ஆதரவு என்று பார்த்தால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குடும்பத்தாரும் நண்பர்களும் குறை சொன்னது, பழி போட்டது, அலட்சியப்படுத்தியது பெண்களுக்கு அதிகமாக இருந்தது, சில மாதம் கழித்து அவர்களுக்கு இருந்த பி.டி.எஸ்.டி அறிகுறிகளுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருந்தது. நான் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கியது இதுதான். ஹார்மோனை நாம் மாற்ற முடியாது, ஆனால் பார்க்கப் போகிற வீட்டில் என்ன பேசுகிறோம் என்பதை இன்று சாயங்காலமே மாற்றிவிடலாம்.

ஹார்மோன் விஷயம் பொய் என்று நினைக்க வேண்டாம். ஆபத்து போய்விட்டது, இனி பயப்பட வேண்டாம் என்று மூளை கற்றுக்கொள்வது ஒரு தனி வேலை, அந்தக் கற்றலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்குப் பங்கு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும் நாட்களில் அந்தப் பழைய பயம் தணிவது கடினமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2011இல் நேச்சர் இதழில் கெர்ரி ரெஸ்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பேகேப் என்ற ஒரு புரதத்தின் அளவுக்கும் பி.டி.எஸ்.டிக்கும் பெண்களிடம் தொடர்பு தெரிந்தது, ஆண்களிடம் தெரியவில்லை. அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணுவில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டக்கூடிய ஓர் இடமும் இருந்தது. பரம்பரையின் பங்கும் பெண்களிடம் அதிகம் இருப்பதாகப் பிந்தைய மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. இதில் வருத்தமான விஷயம், பயத்தைப் பற்றிய அடிப்படை ஆராய்ச்சியில் பெரும்பகுதி பல காலமாக ஆண் எலிகளை வைத்தே நடந்தது. நோய் யாருக்கு இரண்டு மடங்கோ அவர்களின் உடம்பைப் பற்றி நமக்குக் குறைவாகத் தெரிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு வகையில் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். பி.டி.எஸ்.டி என்ற பெயர் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் நோய்க் கையேட்டில் ஏறியதற்கு வியட்நாம் போர் வீரர்கள் நடத்திய போராட்டம் பெரிய காரணம். ஆனால் 1974லேயே பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோல்ம்ஸ்ட்ராம் என்ற இருவர், வன்புணர்வுக்கு ஆளான பெண்களிடம் பேசி, அதே கனவு, அதே திடுக்கிடல், அதே ஒதுங்குதல் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார்கள். இன்றைக்கும் இந்த நோய் என்றால் நம் கண்ணுக்கு வருவது துப்பாக்கி பிடித்த ஒரு சிப்பாய்தான். ஈராக், ஆப்கானிஸ்தான் போய்வந்த அமெரிக்க வீரர்களிடையே ஆண் பெண் வித்தியாசம் பல ஆய்வுகளில் சிறியதாகவே இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரசவத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. குழந்தை பெற்ற பெண்களில் நூற்றுக்கு 4 பேருக்குப் பிரசவமே காரணமாக பி.டி.எஸ்.டி வருகிறது, சிக்கலான பிரசவம் என்றால் இன்னும் பல மடங்கு. என் தோழி ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்காமல் உயிர் போய் வந்தது. வலியில் கத்தியபோது அங்கே ஒருவர் "புருஷன்கூடப் படுக்கும்போது தெரியலையா" என்று கேட்டிருக்கிறார். இந்த வாக்கியத்தைப் பிரசவ அறையில் கேட்ட பெண்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் பேசிய வட்டத்திலேயே இருக்கிறார்கள். அவளுக்கு டெட்டால் வாசனை வந்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. குழந்தை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன என்பதுதான் அவள் கேட்ட ஒரே ஆறுதல்.

வீட்டுக்குள் நடக்கும் அடி உதை இன்னொன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு ஆபத்து இன்னும் முடியவில்லை, அதே வீட்டில் அதே ஆள் இருக்கிறான். இப்படி இருக்கும் பெண்ணிடம் உனக்கு மனபலம் போதாது என்று சொல்வதைப் போல அநியாயம் இல்லை. அவள் திடுக்கிட்டு எழுவதில் நியாயம் இருக்கிறது, முதலில் அவளுக்குப் பாதுகாப்பு வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181.

சிகிச்சையைப் பொறுத்தவரை நல்ல செய்தி இருக்கிறது. நடந்ததைப் பயிற்சி பெற்றவர் துணையோடு, பாதுகாப்பான சூழலில், கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை முறைகள் நன்றாக வேலை செய்கின்றன, பெண்களுக்குக் குறைந்தபட்சம் ஆண்கள் அளவுக்கு, சில ஆய்வுகளில் சற்றே கூடுதலாகவும். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சம்பவம் நடந்த உடனே உட்காரவைத்து "எல்லாத்தையும் கொட்டிடு" என்று வற்புறுத்துவது உதவாது. சாப்பாடு, தூக்கம், துணைக்கு ஓர் ஆள், பழி சொல்லாத காது, முதல் சில வாரங்களுக்கு இவை போதும். அதற்கு மேலும் நீடித்தால் தள்ளிப்போட வேண்டாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இங்கேயே 1986இலிருந்து இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது, 044-24640050.

மருத்துவரிடம் போகும்போது ஒன்று செய்யுங்கள். பெண்ணைக் கூட்டிப் போனால் "பயப்படறா" என்று மட்டும் சொல்லாமல் எப்போதிலிருந்து, எதைக் கேட்டால், எதைப் பார்த்தால் என்று சொல்லுங்கள், முடிந்தால் அவளைத் தனியாகப் பேச விட்டுவிட்டு வெளியே உட்காருங்கள், ஏனென்றால் கூட இருக்கும் நம் முன்னால் சொல்ல முடியாதது அவளிடம் இருக்கலாம். ஆண் என்றால் குடி எப்போது கூடியது, எந்த வழியாகப் போவதை நிறுத்தினார், எப்போதிலிருந்து கத்துகிறார் என்று சொல்லுங்கள், அவர் தானாகச் சொல்ல மாட்டார்.